நூற்றுக்கு நூறு ஆகட்டுங்க

ஆராய்ச்சியின் தலைப்பே ‘குறைந்த செலவில் குடியிருப்பு, கெடாத சுற்றுச்சூழல்’ என்பதால், வீடுகளுக்கு நம்பர் போடப் புது பெயின்ட் வாங்குவது தலைப்புக்கே துரோகம் என்று மதன்குமாருக்குத் தோன்றியது. கல்லூரி ஹாஸ்டல் கேட்டுக்கு அடித்தது போக அரை டப்பா சிவப்பு பெயின்ட் ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதை ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கருப்பராயன் குட்டைக்குப் போனான். குட்டைக் கரையில் ஒன்றோடொன்று தோள் உரசி நின்ற ஓட்டு வீடு, ஓலை வீடு, தகர வீடு எல்லாவற்றின் கதவிலும் ஆளுக்கொரு எண் எழுதினான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குக் கையெழுத்து அழகு. எட்டுக்கு இடுப்பு வைத்தான். ஒன்பதுக்கு வால் சுழித்தான். ஒவ்வொரு கதவை முடித்ததும் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து ரசித்தான். கரை முழுக்கக் கல்யாணத்துக்கு மருதாணி வைத்துக்கொண்ட மாதிரி இருப்பதாக அவனுக்குப் பட்டது.

கரைக்கு அப்படிப் படவில்லை. போன வருஷம் ரயில் பாதையோரத்துக் குடிசைகளில் இதே சிவப்பில்தான் நம்பர் போட்டார்கள். நம்பர் காய்ந்து கொஞ்ச நாளில் புல்டோசர் வந்தது. மல்லுக்கு நின்றவர்களுக்கு மாற்று இடத்துக்கான டோக்கன் கிடைக்கவில்லை, ‘சரிங்க’ என்று தலையாட்டியவர்களுக்குத்தான் கிடைத்தது என்று ஒரு பேச்சு கோயமுத்தூர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேள்விப்படாதவன் ஊரிலேயே ஒருத்தன்தான். அவன் கையில் பிரஷ் இருந்தது.

மதன்குமார் சென்னிமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். சிவில் படித்துவிட்டு, படித்த கல்லூரியிலேயே பேராசிரியர் ஈஸ்வரமூர்த்தியின் ஆராய்ச்சியில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தான். பேராசிரியர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு சங்கடமே வந்திருக்காது. ஊருக்குள் குளம் குட்டையெல்லாம் சாக்கடையாகிப்போச்சே, போர்வெல் போட்டால் புழுதிதானே பறக்கிறது என்று உண்மையாகவே தூக்கம் கெட்டவர். அவர் திட்டம் இதுதான்: கரைக்காரர்களை மதுக்கரை தாண்டி ஒரு புறம்போக்கு நிலத்துக்கு மாற்றுவது, சூளையில் சுடாமல், மண்ணை மெஷினில் அழுத்திச் செய்த கல்லில், சிமென்ட்டைப் பேருக்குத் தொட்டு, அங்கே அவர்களுக்குச் சின்ன வீடுகள் கட்டித் தருவது, கரை காலியானதும் குட்டையைத் தூர்வாரித் தண்ணீர் நிறுத்துவது. சிமென்ட் வேண்டாத வீட்டைச் சிமென்ட் ஃபேக்டரி இருக்கிற மதுக்கரையில் கொண்டுபோய்க் கட்டுவதைப் பற்றி மதன்குமாரிடம் நல்ல ஜோக் ஒன்று இருந்தது. அதைப் பேராசிரியரிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

கரைக்காரர்களுக்குச் சம்மதமா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவருவது அவன் வேலை.

முதலில் உட்கார்ந்தது பதினேழாம் நம்பரில், சாஜிதா பேகம் வீட்டில். ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடைகளுக்கு உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறவர். கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தங்கி வேலை பார்க்கிறான். மதன்குமாரைப் பார்த்ததும் தையல் மெஷினை நிறுத்தினார். இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்கிவர ஆளனுப்பினார்.

“அதெல்லாம் எதுக்குங்க?”

“ஊட்டுக்கு வந்தவங்களை வெறும் வாயோட அனுப்பறதா? குடிங்க தம்பி.”

ஆரஞ்சுக் கலரை உறிஞ்சிக்கொண்டே மதன்குமார் கேள்வியை வாசித்தான். “மண்கல்லுல ஊடு கட்டிக் குடுத்தா, மதுக்கரைக்குக் குடிபோகச் சம்மதங்களா?”

சாஜிதா பேகத்தின் கை மெஷின் சக்கரத்தின் மேலேயே நின்றது. “தூரமுங்களே” என்றார். சொன்ன கையோடு கதவைப் பார்த்தார். சிவப்புப் பதினேழு வெயிலில் மினுமினுத்தது. “தூரமா இருந்தா இருக்கட்டும். இன்ஷா அல்லா, ஆகட்டும் தம்பி.”

மதன்குமார் ‘சம்மதம்’ கட்டத்தில் டிக் போட்டான்.

வேலை பார்த்த நூற்பு மில்லை மூடிய பிறகு கரை முனையில் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் செங்கோடன் பசையை ஊதிக்கொண்டே “ஆகட்டுங்க” என்றார். இரண்டு ஆடு வைத்திருந்த மாரியாத்தாள், “ஆட்டையும் ஓட்டிட்டு வரலாமுங்களா?” என்று கேட்டார். மதன்குமாருக்கு அதற்குப் பதில் தெரியாது. “வரலாமுங்க” என்றான். “அப்படீன்னா ஆகட்டுஞ் சாமி” என்றார். கரை முழுக்க ஆகட்டுங்க. வீட்டுக்கு வீடு கலர். திரும்பும்போது அவனுக்கு ஏப்பம்கூட ஆரஞ்சாக, பச்சையாக வந்தது.

பேராசிரியர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நூத்துக்கு நூறா? ஒருத்தர்கூட மறுக்கலையா?”

“இல்லீங்க சார்.”

“நாம நல்லது நெனைக்கறோம்னு ஜனங்களுக்குப் புரியுது பாரு.” கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “திங்கக்கெழமை அதிகாரிங்க கூட்டத்துல வெக்கறேன். சம்மதம் இருக்குதுன்னா கையெழுத்துப் போடத் தயாரா இருக்கறாங்க. கையோட உன் வேலையையும் நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்.”

மதன்குமாரின் சந்தோஷம் மறுநாள் காலை மெஸ்ஸில் ஐந்தாவது தோசை விழும்வரை நீடித்தது.

மூன்றிலேயே அவனுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மெஸ்கார அக்கா நாலாவதோடு வந்து, “வெக்கட்டுங்களா?” என்றார். “ஆகட்டுங்க” என்றான். ஐந்தாவதுக்கும் அதையே சொன்னான். அது இலையில் வந்து படுத்ததையே பார்த்தான். பிறந்ததிலிருந்து தான் யாருக்காவது ‘வேண்டாம்’ என்று சொன்னதுண்டா என்று யோசித்தான். பெருந்துறையில் பெண் பார்க்கப் போனபோது, “புடிச்சிருக்குங்களா?” என்று கேட்டார்கள், “ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்றுதான் சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் முடிந்து கல்யாணப் பத்திரிகை வந்த பிறகுதான், தன் பதில் என்னவென்று அவனுக்கே தெரிந்தது.

அப்படியானால் கரைக்காரர்கள் சொன்னது?

தோசையை மடித்து விழுங்கிவிட்டு (வைத்துவிட்டு எழுந்தால் அக்கா மனம் நோகும்) ஸ்கூட்டரை எடுத்தான்.

செங்கோடன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். மதன்குமார் பக்கத்தில் குந்தினான்.

“ஏனுங்க, ஒண்ணு சொல்ல மறந்துபோட்டேன். அந்த மதுக்கரை ஊட்டுக்குக் கதவு இருக்காதுங்க.”

செங்கோடன் டியூபைத் திருப்பினார். “நல்லதுதானுங்க. காத்து வரும்.”

“கூரையும் கெடையாதுங்க.”

இதற்குச் செங்கோடன் கொஞ்சம் வானத்தைப் பார்த்து யோசித்தார். “மழை பேஞ்சாத்தான் செரமம். இப்பெல்லாம் எங்கீங்க பேயுது? ஆகட்டுங்க.”

“அட, நான் உங்களைக் கிண்டல் பண்றனுங்க! ஒரு வார்த்தை திட்டுங்களேன்!”

“ஆபீசரைத் திட்டறதுங்களா? நல்லா இருக்குமுங்களா?”

“நான் ஆபீசர் இல்லீங்க!”

செங்கோடன் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். “ஆபீசர் இல்லாதவரு எதுக்குங்க கதவு கதவா நம்பர் போட்டீங்க? அதும் செவப்புல?” பிறகு ரயில் பாதையோரத்துக் கதையைச் சொன்னார். நம்பர், புல்டோசர், டோக்கன் எல்லாம். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். கேட்கக் கேட்க மதன்குமாரின் முகம் டியூபிலிருந்து காற்று இறங்குவது மாதிரி இறங்கியது.

“அய்யோ, அது ஹாஸ்டல் கேட்டுக்கு அடிச்ச பெயின்டுங்க. மிச்சம் இருந்துச்சுன்னு எடுத்துட்டு வந்தனுங்க!”

“அப்படீங்களா?” என்றார் செங்கோடன். “அது புல்டோசருக்குத் தெரியுமுங்களா?”

மதன்குமார் அன்றைக்கே ஒரு டப்பா டர்பன்டைனும் பழைய துணியும் வாங்கினான். சொந்தக் காசில்தான், குறைந்த செலவு ஆராய்ச்சியில் இதற்கெல்லாம் இடமில்லை. முனை வீட்டிலிருந்து ஆரம்பித்துத் தேய்க்கத் தேய்க்க, அவன் இடுப்பு வைத்த எட்டும் வால் சுழித்த ஒன்பதும் கரைந்து வழிந்தன. செய்த தப்பைத் துடைக்கும்போது மனசுக்கு ஓர் ஆறுதல் வரும் என்பார்கள். அவனுக்கும் வந்தது. மாரியாத்தாள் ஓடிவரும்வரை இருந்தது.

“ஏஞ்சாமி! எந்நம்பரை எதுக்கு அழிச்சுபோட்டீங்க?” மாரியாத்தாள் கதவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆட்டைப் பத்திக் கேட்டது தப்புங்களா? ஆட்டை வேணா வித்துப்போடறன் சாமி. நம்பரைப் போட்டுடுங்க. நம்பர் இல்லாட்டி டோக்கன் குடுப்பாங்களா?”

“அம்மணி, நம்பருக்கும் டோக்கனுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

“அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொன்னாங்க சாமி.”

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நம்பர் அழிந்தவர்கள் திரும்பப் போடச் சொன்னார்கள். அழியாதவர்களில் சிலர் அழிக்கச் சொன்னார்கள். சிலர் தங்கள் கதவை முதுகால் மறைத்து நின்றார்கள். ஒருத்தர்கூடக் குரல் உயர்த்தவில்லை. எல்லாம் ‘வாங்க’, ‘போங்க’, ‘கோவிச்சுக்காதீங்க’. மதன்குமாரை அவன் வாழ்நாளில் இத்தனை மரியாதையாக யாரும் மடக்கியதில்லை. கடைசியில் டர்பன்டைனைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் மிச்சமிருந்த பெயின்ட்டைத் திறந்து, மாரியாத்தாள் கதவில் மறுபடி எட்டு எழுதினான். இந்த முறை எட்டுக்கு இடுப்பு இல்லை.

சனிக்கிழமை பேராசிரியர் வீட்டுக்கே போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் வாசற்படியில் செருப்போடு கழன்றுகொண்டது.

“சார், அவங்க சம்மதம்னு சொன்னது... நெசமா சம்மதமில்லீங்க சார்.”

“மாட்டேன்னு எத்தனை பேர் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலீங்க சார்.”

“அப்புறம் என்னப்பா?”

“மரியாதைக்குச் சொல்றாங்க சார். கொஞ்சம் பயத்துலயும் சொல்றாங்க.”

பேராசிரியர் பொறுமையாகச் சிரித்தார். “மரியாதைக்குச் சம்மதம், மனசாரச் சம்மதம்னு நம்ம ஃபாரத்துல ரெண்டு கட்டமா வெச்சிருக்கறோம்? நீ பயந்த சுபாவம், மதன். பெரிய காரியம் நடக்கப்போகுதுன்னதும் வயித்தைக் கலக்குது. சரி, ஒரே ஒருத்தரு, என் முன்னால நின்னு, மாட்டேன்னு வாயைத் தொறந்து சொல்லட்டும். நானே நிறுத்திப்போடறேன். இல்லைன்னா திங்கக்கெழமை வெச்சர்றேன். என்ன சொல்றே?”

‘நீங்க செய்யறது தப்புங்க சார்’ என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று மதன்குமாருக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குள் அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“ஆகட்டுங்க சார்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி கரைக்குப் போனான். ஒரு கையில் டிக் போட்ட கேள்வித் தாள்கள், ஒரு கையில் டர்பன்டைன். சாஜிதா பேகத்தின் கதவிலிருக்கும் பதினேழை முதலில் அழித்துவிட்டு, பயம் தெளிந்த பிறகு கேட்டால் உண்மையைச் சொல்வார் என்பது திட்டம். கரையோடு ஓடும் சாக்கடைக்கு மேல் ஒரு பலகை. பலகையைத் தாண்டினால் அவர் வாசல். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மதன்குமார் தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினேழைத் தேய்த்தான். சுவடு தெரியாமல் போனது. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்தான்.

முதல் அடிக்குப் பலகை இருந்தது.

தொப்பென்ற சத்தம் கேட்டு வெளியே வந்த சாஜிதா பேகம், இடுப்பளவு சாக்கடையில் தலையில் வாழையிலைத் துண்டோடு நின்ற ஆராய்ச்சியாளனைப் பார்த்தார். ஒரு கணம் பதறினார். அடுத்த கணம் முந்தானையால் வாயைப் பொத்தினார். பொத்தியும் பயனில்லை, தோள் குலுங்கியது. செங்கோடன் ஓடிவந்து ஒரு பழைய சைக்கிள் டயரை நீட்டி, “புடிச்சுக்குங்க, புடிச்சுக்குங்க” என்று இழுத்தார். கரை முழுக்கச் சம்மதம் சொன்ன தாள்கள் ஒன்றொன்றாகச் சாக்கடையில் மிதந்து குட்டையைப் பார்த்துப் போயின. அதனால் யாருக்கும் லாபமில்லை. நகல் பேராசிரியர் மேஜையில் பத்திரமாக இருந்தது.

‘கழிவுநீர் நீர்நிலையில் கலக்கிறது’ என்று அறிக்கையில் அவன்தான் எழுதியிருந்தான். என்ன கலக்கிறது என்று இப்போது விவரமாகவே தெரிந்தது.

வீட்டுப் பின்னால் குடம் குடமாக ஊற்றிக் குளித்தான். தூரக் குழாயிலிருந்து சாஜிதா பேகம் தூக்கி வந்த தண்ணீர். ஊற்ற ஊற்றக் கூசியது. மகனுடைய கட்டம் போட்ட லுங்கியும் கை கிழிந்த பனியனும் கிடைத்தன. உள்ளே வந்தபோது நாற்காலியில் உள்பாவாடைத் துணி மூட்டை உட்கார்ந்திருந்தது. சாஜிதா பேகம் அதை எடுக்கவில்லை. கலர் வாங்கிவர ஆளனுப்பவும் இல்லை. தனக்குப் போட்டு வைத்திருந்த வரக்காப்பியில் பாதியை ஆற்றி ஒரு டம்ளரில் நீட்டினார்.

“குந்து கண்ணு. குளிருதா?”

மதன்குமார் தரையில் உட்கார்ந்தான். பேனா இல்லை, தாள் இல்லை, பேன்ட்டே இல்லை. லுங்கியில் உட்கார்ந்திருப்பவனை ஆபீசர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நினைப்பு காப்பியோடு சேர்ந்து சூடாக உள்ளே இறங்கியது.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லோணுங்க” என்றான். “நான் அரசாங்கத்து ஆளு இல்லீங்க. அந்த நம்பர் என்னோட கிறுக்குத்தனம். ஆனா நாளைக்கு ஒரு பேப்பர் அதிகாரிங்ககிட்டப் போகுது. மதுக்கரைக்குப் போறதுக்குக் கரையே சம்மதம்னு அதுல இருக்குது. எழுதுனது நான்தானுங்க. அது போயிருச்சுன்னா, அப்புறம் நெசமாவே வண்டி வந்துரும்.”

இப்படி வளைக்காமல் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

சாஜிதா பேகம் தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலிருந்து மெதுவாக உருவினார். சிரிப்பு போய்விட்டது.

“மாட்டேன்னு சொன்னா டோக்கன் கெடைக்குமா?”

“கெடைக்கும்” என்று சொல்லத்தான் வாய் வந்தது. மதன்குமார் அதைக் காப்பியோடு விழுங்கினான். “தெரியலீங்க அம்மா. கெடைக்காமயும் போகலாம்.”

“சொல்லாட்டி?”

“மதுக்கரைதானுங்க.”

உருவிய துணியை மடித்து வைத்தார் சாஜிதா பேகம். “காலையில நடந்து போய்த் துணி வாங்கிட்டு வந்து, சாயங்காலம் தெச்சுக் குடுத்தர்றேன். மதுக்கரையில இருந்து மூட்டையைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தா, கடைக்காரன் எனக்காகக் காத்துட்டு இருப்பானா? வேறொருத்திகிட்டக் குடுத்துருவான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல.” கதவைப் பார்த்தார். பதினேழு இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. “அன்னைக்கு நீ காட்டுன மண்கல்லு ஊட்டுப் படத்தைப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. கட்டறதா இருந்தா இங்கயே கட்டு. உன்னையே முழுங்கிருச்சே, இந்தச் சாக்கடை, இதுக்கும் ஒரு வழி பண்ணு.”

“அன்னைக்கு ஏனுங்க இதைச் சொல்லல?”

“ஊட்டுக்கு வந்து நாக்காலியில குந்திக் கலர் குடிக்கறவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“எங்க சார்கிட்ட வந்து சொல்வீங்களா? அவரு பெரிய மனுசருங்க. நல்லவருங்க. அவரு முன்னால எனக்கே வாய் வராதுங்க.”

சாஜிதா பேகத்தின் உதட்டோரம் பழைய சிரிப்பின் மிச்சம் ஒன்று எட்டிப் பார்த்தது.

“அவரு ஊட்டுக்குப் போனா நான்தானே விருந்தாளி?”

“ஆமாங்க.”

“அப்ப மரியாதை பாக்க வேண்டியவரு அவரு. நாக்காலி போட்டுக் கலர் வாங்கித் தரோணும். நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கோணும்.” எழுந்து நின்று முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டார். “இருந்தாலும் பழக்கமில்லாத வார்த்தை. மொதல்ல உங்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். அந்தக் கேள்வியைக் கேளு.”

மதன்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். லுங்கியை இறுக்கிக்கொண்டு அவனும் எழுந்து நின்றான். வாசலில் செங்கோடன் டயரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் மாரியாத்தாளும், அவர் பின்னால் ஓர் ஆடும்.

“மண்கல்லுல ஊடு கட்டிக் குடுத்தா, மதுக்கரைக்குக் குடிபோகச் சம்மதங்களா?”

“மாட்டேன்” என்றார் சாஜிதா பேகம்.